வாசலுக்கு ஒன்று, அடுக்களைக்கு ஒன்று

பூனையும் நாயும் பிறவிப் பகைவர்கள் என்ற எண்ணம் நம் ஜனங்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. ஆனால் தூத்துக்குடித் துறைமுகத்தையும், அதன் வடக்கிலும் மேற்கிலும் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று பரந்து கிடக்கும் கரிசல் பூமியையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறவர்களுக்கு, அந்த விரோதம் விதிக்கப்பட்டதன்று, அவரவர்க்குரிய இடம் வகுக்கப்படாததனால் விளைவது என்பது தெளிவாகும். கடற்கரை பூனைக்குப் பேர்போனது; கரிசல் நாய்க்குப் பேர்போனது. இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் குடித்தனம் செய்யப் பழகிய விருத்தாந்தத்தில், இன்று பூனை வளரும் வீட்டுக்குப் புதிதாக ஒரு நாயைக் கொண்டுவர விரும்புகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அநேகம் உண்டு.

சரக்கு இறங்குமிடத்தில் எலி சேரும். எலி சேருமிடத்தைப் பூனை தேடி வரும். இது எல்லாத் துறைமுகங்களுக்கும் பொதுவான நியதி. மத்தியதரைக் கடல் வியாபாரிகளின் வழக்கங்களைத் திரட்டி, 15ஆம் நூற்றாண்டில் பார்சலோனாவில் அச்சேறிய ‘கன்சுலாத் தெ மார்’ என்ற கடற்சட்டத் தொகுப்பு, பூனையில்லாத கப்பலில் எலிகள் சரக்கைச் சேதப்படுத்தினால் அந்த நஷ்டத்தைக் கப்பலுக்கு உடையவனே ஈடுசெய்ய வேண்டும் என்று விதித்தது. அதற்கும் வெகுகாலம் முன்பு, கொற்கைக் கடலின் முத்துக்களை மேலைநாட்டார் விரும்பி வாங்கிய நாட்களில், அவர்களுடைய கப்பல்கள் போய்ச் சேர்ந்த செங்கடல் துறைமுகங்களுள் ஒன்று பெரெனிகே. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடும், நம் நாட்டு ஜாடி நிறைய மிளகும் அகப்பட்ட அந்த ஊரில், கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்த பிராணிகளின் மயானம் ஒன்றையும் ஆராய்ச்சியாளர்கள் அகழ்ந்து கண்டார்கள். அங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்த 585 பிராணிகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பூனைகள். மற்றவற்றில் பெரும்பாலானவை நாய்கள். இந்தியாவிலிருந்து சென்ற குரங்குகளும் சில உண்டு. சில பூனைகளின் கழுத்தில் இரும்புப் பட்டை இருந்தது. சில உடல்களின்மேல் துணியோ பானை ஓடோ போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. வியாபாரமே உயிர்நாடியாக இருந்த ஒரு துறைமுகத்தார், பூனையையும் நாயையும் ஒரே நிலத்தில் அன்போடு புதைத்தார்கள் என்பது எண்ணி மகிழத்தக்க செய்தியாகும்.

தூத்துக்குடிக்கு நாய் கரிசலிலிருந்து வந்தது. 1876இல் ரயில் வந்து சேருமுன், பருத்திப் பொதிகள் துறைமுகத்தை அடைந்தது மாட்டுவண்டிகளில்தான். நெடுவழிப் பயணத்தில் வண்டியின் அடியில், அச்சுக்குக் கீழே நிழல் பார்த்து நடந்துவரும் நாயைப் பழைய தலைமுறையினர் நன்கறிவார்கள். விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை என்னும் கிராமம் தன் பெயரையே ஒரு நாய் ஜாதிக்கு வழங்கியிருக்கிறது. கோவில்பட்டி வட்டாரத்துக் கன்னி நாயோ கறுத்த உடலும், கண்ணுக்கு மேலும் கால்களிலும் செம்பழுப்பு நிறமும் கொண்டது. இரண்டும் மெலிந்த இடை, நீண்ட கால், ஆழ்ந்த மார்பு வாய்ந்தவை. மோப்பத்தைக் காட்டிலும் கண்ணை நம்பி, ஓடுகிற முயலைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. கன்னி நாய்க்குட்டியை மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தனுப்பும் வழக்கம் இருந்ததென்று அந்தப் பக்கத்தில் சொல்லி வருகிறார்கள். அப்படியானால், புகுந்த வீட்டுக்குப் புதிதாக வந்த பெண்ணோடு ஒரு வேட்டை நாயும் வந்தது. அந்த வீட்டு அடுக்களையிலோ ஏற்கெனவே ஒரு பூனை ஆட்சி செலுத்திக் கொண்டிருந்திருக்கும்!

அந்தச் சந்திப்பு பெரும்பாலும் விபரீதமாக முடியாமற் போனதற்கு முதற்காரணம் நம் பழைய வீட்டின் அமைப்பு என்று கருதுகிறேன். நாய்க்கு வாசலும் திண்ணையடியும் கொல்லைப்புறமும். நிலைப்படியைத் தாண்டி அது உள்ளே வருவதைப் பெரியவர்கள் அனுமதிக்கமாட்டார்கள். பூனைக்கு அடுக்களையும், குதிரின் தலைப்பும், பரணும், ஓட்டுக் கூரையும். நாய்க்குக் கம்பங்கூழ் கொல்லையில்; பூனைக்கு மீன் தலை அடுப்பங்கரையில். குட்டி நாய் வந்த புதிதில், கோழியை அடைக்கும் பஞ்சாரத்தை அதன்மேல் கவிழ்த்து வைப்பார்கள். பூனை தொலைவில் அமர்ந்து நோக்கும். பின்பு மெல்ல அடியெடுத்து வந்து, மூங்கில் பிளாச்சுகளின் இடைவெளியில் மூக்கை வைத்து முகர்ந்துவிட்டு, வால் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பரணுக்குத் தாவிவிடும். உள்ளேயிருக்கும் குட்டியால் அதைத் துரத்த இயலாது. பூனைக்கும் அஞ்சி ஓட வேண்டிய அவசியமில்லை. நாட்கள் செல்லச் செல்ல ஒன்றின் வாசனை மற்றொன்றுக்கு வீட்டு வாசனையாகிவிடும்.

இந்த அனுபவ ஞானத்தை விஞ்ஞானமும் ஆமோதிக்கிறது. நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளை டெல் அவிவ் சர்வகலாசாலையைச் சேர்ந்த இருவர் ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவின்படி, அவ்வீடுகளில் பெரும்பாலானவற்றில் சிநேகமே நிலவியது. பூனை முன்னதாகவும் நாய் பின்னதாகவும் வந்த வீடுகளிலும், பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஒரு வருஷத்துக்குள்ளும் பழகத் தொடங்கிய வீடுகளிலும் அந்தச் சிநேகம் மேலும் வலுவாக இருந்தது. பூனைகளுக்கே உரிய, மூக்கோடு மூக்கு வைத்து நலம் விசாரிக்கும் முறையை நாய்களும் கற்றுக்கொண்டன என்பது அவர்கள் கண்டவற்றுள் மிக ரசமானது. நாய் வாலை ஆட்டினால் உவகை. பூனை வாலை வீசினால் கோபம். சிறு பிராயத்திலிருந்தே கூடி வாழ்ந்தவை ஒன்றன் பாஷையை மற்றொன்று கற்றுக்கொள்கின்றன.

இன்றைக்குத் தூத்துக்குடியிலும் மற்ற நகரங்களிலும், திண்ணையும் கொல்லையும் பரணுமில்லாத அடுக்குமாடி வீடுகளில் கன்னிக்குட்டியையும் சிப்பிப்பாறைக் குட்டியையும் ஆசையோடு வாங்கி வளர்க்கிறார்கள். அழியும் தறுவாயிலிருந்த நம் நாட்டு ஜாதிகளை ஆதரிக்கும் அந்த ஆசையை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆயினும், பழைய வீடு தானாகவே செய்த காரியத்தை இப்போது வீட்டுக்காரர் முயன்று செய்ய வேண்டும். முதல் சில நாட்கள் நாயைத் தனி அறையில் வைத்து, அது படுத்த துணியைப் பூனைக்கும், பூனை படுத்த துணியை நாய்க்கும் முகரக் கொடுக்க வேண்டும். மூடிய கதவின் இருபுறமும் இரண்டுக்கும் ஒரே வேளையில் சோறு வைக்க வேண்டும். பிறகு, வாரைக் கையில் பிடித்துக்கொண்டு சில நிமிஷங்கள் மட்டும் நேரில் காட்ட வேண்டும். பூனை ஏறி அமர உயரமான பலகையும், நாய் எட்டாத இடத்தில் அதன் உணவும் மணல் தட்டும் இருப்பது அத்தியாவசியம். பூனை ஓடினால் துரத்துவது கண்ணை நம்பும் வேட்டை நாயின் இரத்தத்தில் ஊறியது. ஆகவே பூனையை ஓடவிடும் சந்தர்ப்பத்தை உண்டாக்காமலிருப்பதே பாதி வெற்றி. முயல் வேட்டை 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தால் தடை செய்யப்பட்டிருக்கிறது. சட்டம் மனிதனைக் கட்டுப்படுத்துமே தவிர, நாயின் சுபாவத்தை மாற்றிவிடாது. வேட்டையில் பழகி வளர்ந்த நாயானால், எத்தனை மாதம் முயன்றாலும் அதைப் பூனையோடு தனியே விட்டுச் செல்வது தகாது. அத்தகைய நாயைப் பூனையில்லாத வீட்டுக்குக் கொடுப்பதே இரண்டு ஜீவன்களுக்கும் செய்யும் தர்மம்.

நம் முன்னோர் நாயிடமும் பூனையிடமும் இயற்கைக்கு மாறான நட்பை வற்புறுத்தவில்லை. வாசலை ஒன்றுக்கும் அடுக்களையை மற்றொன்றுக்கும் கொடுத்து, காலத்தை நம்பிப் பொறுத்திருந்தார்கள். வீடு சுருங்கிவிட்ட நமக்கு அந்தப் பொறுமை அவர்களுக்கு இருந்ததைவிட அதிகமாகவே வேண்டும். அதைக் கொடுக்கச் சித்தமாயிருக்கிறவர்கள்தான் பூனையுள்ள வீட்டுக்கு ஒரு நாயை அழைத்து வரலாம்.