'பேங்க்ல இருந்து பேசுறோம்...' - அம்மாவோட ஓ.டி.பி உங்க கையிலதான் இருக்கு!

ஜமுனாமரத்தூரோ, புதூர்நாடோ, ஜவ்வாது மலையில் எந்த ஊராக இருந்தாலும் சரி... வீட்டுக்கே ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் உங்க கையிலதான் இருக்குன்னா, இது உங்களுக்கான கட்டுரை.

அம்மாவின் மகளிர் உரிமைத்தொகை, அப்பாவின் நூறு நாள் வேலைச் சம்பளம், தங்கச்சியின் ஸ்காலர்ஷிப் எல்லாமே பேங்க் கணக்குக்குத்தான் வருகிறது. அந்தக் கணக்குகளில் உங்கள் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறீர்களா? அப்படியென்றால், மோசடிக்காரர் யாரிடம் பேசினாலும் ஓ.டி.பி வந்து விழப்போவது உங்கள் போனில். வீட்டுப் பணத்துக்கு நீங்கதான் காவல்!

புதுப் பணம்... பழைய கதை!

2023 செப்டம்பர் 15-ம் தேதி மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் தொடங்கியது. தொடங்கியபோது சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். பணம் வரத் தொடங்கிய கையோடு, 'ஓ.டி.பி கேட்டு யார் பேசினாலும் சொல்லாதீங்க' என்று எச்சரிக்கை விட வேண்டிய நிலை வந்தது. எந்தத் திட்டத்தில் பணம் வந்தாலும் அதன் பெயரைச் சொல்லியே பேசுவார்கள். 'ஏ.டி.எம் கார்டு பிளாக் ஆயிடுச்சு', 'கே.ஒய்.சி முடிக்கலைன்னா பணம் வராது' என்று அவசரப்படுத்துவார்கள். உங்களை யோசிக்க விடாமல் செய்வதுதான் அவர்களுடைய தொழிலே.

இந்த நாலு வலையில மாட்டாதீங்க!

* ஓ.டி.பி: பேங்க் ஊழியர் யாரும் ஓ.டி.பி, பின் நம்பர், கார்டின் பின்னால் இருக்கும் 3 இலக்க எண்ணைக் கேட்க மாட்டார். சேவை தொடர்பான அழைப்புகளை 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்தே செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் பேங்குகளுக்குச் சொல்லியிருக்கிறது. சாதாரண 10 இலக்க மொபைல் நம்பரிலிருந்து 'மேனேஜர்' பேசினால், கட் பண்ணிடுங்க.

* க்யூ.ஆர் கோடு: மலைத்தேன், சாமை, புளி என்று ஆன்லைனில் விற்கிறீர்களா? 'பணம் அனுப்புறேன், இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க' என்றால் உஷார். யு.பி.ஐ பின் போட்டால் உங்கள் பணம்தான் போகும். பணம் வாங்க பின் தேவையே இல்லை.

* ஏ.பி.கே ஃபைல்: பேங்க் பெயரிலோ, பி.எம் கிசான் பெயரிலோ வாட்ஸ்அப்பில் வரும் ஆப்பை இன்ஸ்டால் செய்யாதீர்கள். உங்களுக்கு வரும் எஸ்.எம்.எஸ்-களை அது திருட்டுத்தனமாகப் படித்துவிடும். நீங்கள் வாயே திறக்காமல் ஓ.டி.பி போய்விடும்.

* கைரேகை: ஆதாரும் கைரேகையும் இருந்தால் ஓ.டி.பி இல்லாமலே கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியும். ஆதார் ஆப்பில் 'பயோமெட்ரிக் லாக்' செய்து வையுங்கள். ரேஷன் கடையிலோ, பேங்க் முகவரிடமோ விரல் வைக்கும்போது மட்டும் திறந்துகொள்ளலாம்.

பணம் போயிடுச்சா? உடனே 1930!

வெட்கப்படவோ, வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்கவோ நேரமில்லை. 1930-க்கு போன் போடுங்கள். இது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். நெட் இல்லாமல், சாதாரண பட்டன் போனிலிருந்தும் பேசலாம். எந்த பேங்க், எவ்வளவு பணம், எத்தனை மணிக்குப் போனது, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மோசடிக்காரர் அடுத்த கணக்குக்கு மாற்றுவதற்குள் தகவல் போனால், பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. அப்படியே உங்கள் பேங்கின் உதவி எண்ணுக்கும் பேசி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த விதிகளில் ஒரு முக்கியமான விஷயம் சொல்லப்பட்டது. உங்கள் மீதோ, பேங்க் மீதோ தவறில்லாமல் வெளியாள் செய்த மோசடி என்றால், பேங்கின் தகவல் உங்களுக்கு வந்து சேர்ந்த 3 வேலை நாள்களுக்குள் சொல்லிவிட்டால் இழப்பு உங்களுடையதல்ல. அந்த விதிகளின்படி, நீங்களே ஓ.டி.பி சொல்லியிருந்தால், புகார் சொல்லும் வரை போன பணம் உங்கள் இழப்பு. புகார் சொன்ன பிறகும் பணம் போனால் பேங்க்தான் பொறுப்பு. அதனால் ஒவ்வொரு நிமிடமும் காசு!

மலையில் இன்னொரு சிக்கல், சிக்னல். காட்டுக்கோ கொல்லைக்கோ போய்விட்டு சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும், முதலில் பேங்க் எஸ்.எம்.எஸ்-களைப் பாருங்கள். ரீல்ஸ் எங்கேயும் ஓடிடாது, பணம் ஓடிடும்.

இன்னிக்கு ராத்திரி சாப்பிட உட்காரும்போது அம்மா, அப்பா, பாட்டி எல்லோரிடமும் ஒரு விஷயம் சொல்லுங்கள்: 'பேங்க்னு சொல்லி யார் பேசினாலும், என் பிள்ளைகிட்ட கேட்டுச் சொல்றேன்னு வெச்சிடுங்க.' 1930-ஐ சுவரில் பெரிசா எழுதிவையுங்கள். அந்தப் 'பிள்ளை' உஷாரா இருந்தா, வீட்டுப் பணமும் பத்திரமா இருக்கும்!