ரேடியேட்டருக்குள் ஒரு சரித்திரம்!

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி தாண்டி வடகாடு, கீரமங்கலம் பக்கம் போயிருக்கிறீர்களா? 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போன பூமி அது. புயலுக்குப் பிறகு திரும்பவும் கன்று வைத்து, வளர்த்து, நடுவில் ஊடுபயிர் போட்டு... விவசாயி என்ற ஜென்மம் அவ்வளவு சீக்கிரம் ஓய்ந்துவிடுவதில்லை. தென்னை வரிசைகளுக்கு நடுவே பெரிய டிராக்டர் வளைந்து திரும்ப முடியாது. அங்கேதான் 'மினி டிராக்டர்' உள்ளே வருகிறது. பதினைந்து, இருபது ஹெச்.பி. சமாசாரம். புதுசு வாங்கக் கையில் காசு இல்லாதவர் பழசு ஒன்றைப் பேசி முடிக்கிறார்.

வாங்குகிறவர் டயரைத் தட்டிப் பார்ப்பார். கலப்பையை ஹைட்ராலிக் தூக்குகிறதா என்று பார்ப்பார். ஆர்.சி. புக்கைப் புரட்டுவார். ஆனால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? திறந்தால், டீ டிகாஷன் கலரில் ஒரு திரவம் தளும்பும். கேட்டால், "தண்ணிதானே சார்... அந்த போர் தண்ணியைப் பிடிச்சு ஊத்திக்கலாம்!" என்று பதில் வரும்.

வெறும் தண்ணியா? அந்தத் தண்ணீருக்குப் பின்னால் ஒரு நூற்று நாற்பது வருஷத்துக் கதை இருக்கிறது!

முதலில் ஒரு சின்ன வரவு செலவுக் கணக்கு. (பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் கணக்காகத்தான் தெரிகிறது, மன்னியுங்கள்!) டீசலுக்கு நீங்கள் 100 ரூபாய் கொடுத்தால், சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றவும் கலப்பையை இழுக்கவும் போகிறது. இன்னொரு பங்கு சைலன்ஸர் வழியே புகையோடு காற்றில் கலக்கிறது. மிச்சமுள்ள பங்கில் பெரும்பகுதியைச் சுமந்துகொண்டு போய் வெளியே கொட்டுவது அந்த டிகாஷன் கலர் தண்ணீர். அது ஒரு நாள் லீவு போட்டால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் 'சீஸ்' ஆகிவிட்டது என்கிறார்களே, அதுதான்.

இந்தச் சூட்டோடு முதன்முதலில் நெடுந்தூரம் மல்லுக்கட்டியவர் ஒரு பெண்மணி!

1888 ஆகஸ்ட். ஜெர்மனியின் மான்ஹைம் நகரம். காரைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸுக்கு அதை ஊரறிய ஓட்டிக் காட்டும் தைரியம் போதவில்லை. அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் பார்த்தார். கணவருக்குச் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, அந்த மூன்று சக்கர வண்டியிலேயே நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்! வழியில் ஒரு மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கிய கதையைப் பலரும் சொல்வார்கள். அவ்வளவாகச் சொல்லப்படாதது தண்ணீர்க் கதை. அந்த வண்டியில் இன்றைய மாதிரி ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகப் போவதுதான் குளிர்விக்கும் முறை. ஆகவே வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி, கிடைத்த இடத்தில் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டே போனார்.

இதற்கு ஒரு வழி கண்டவர் வில்ஹெல்ம் மேபாக். 1901-ல் வந்த மெர்சிடிஸ் காருக்காக அவர் செய்த ரேடியேட்டரில் 8,070 குட்டிக் குட்டிக் குழாய்கள். பார்க்கத் தேன்கூடு போலவே இருக்கும். குழாய்களுக்குள் காற்று புக, சுற்றிலும் ஓடும் தண்ணீர் ஆற, ஆறிய தண்ணீர் மறுபடி இன்ஜினுக்குப் போகும். போட்டதையே திரும்பத் திரும்பச் சுற்றவிடலாம்! சூட்டுப் பிரச்னை கிட்டத்தட்ட தீர்ந்தது.

ஆனால், குளிர்?

மேலைநாட்டு விவசாயிக்குப் பனிக்காலம் எமன். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் பருமன் கூடும். இரும்பு பிளாக்குக்குள் அது நடந்தால், விரிசல்தான். அதனால் சாயங்காலம் வேலை முடிந்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டு, காலையில் வெந்நீர் ஊற்றி ஸ்டார்ட் செய்கிற கஷ்டம் இருந்தது. அமெரிக்காவின் ரூமெலி கம்பெனி, 'தண்ணீரே வேண்டாம்' என்று தன் 'ஆயில்புல்' டிராக்டரில் எண்ணெயை ஊற்றியே இன்ஜினைக் குளிர்வித்தது. எண்ணெய் உறையாது, நூறு டிகிரியில் கொதிக்கவும் கொதிக்காது. மற்றவர்கள் ரேடியேட்டருக்குள் எதையெதை ஊற்றிப் பார்த்தார்கள் தெரியுமா? உப்புக் கரைசல், சர்க்கரைப் பாகு, தேன், கிளிசரின், சாராயம்! உப்பு உலோகத்தை அரித்தது. சாராயம் ஆவியாகிப் பறந்தது. (ரேடியேட்டருக்கென்று வாங்கிய சாராயம் முழுக்க ரேடியேட்டருக்குத்தான் போனதா என்பது வேறு விஷயம்.)

கடைசியில் கைகொடுத்தது, பல வருஷம் பெரிதாக யாரும் சீண்டாமல் கிடந்த ஒரு திரவம். பிரெஞ்சு வேதியியலாளர் வுர்ட்ஸ் 1850-களிலேயே தயாரித்துக் காட்டிய எத்திலீன் கிளைக்கால். முதல் உலகப்போரில் வெடிமருந்து வேலைக்குக் கொஞ்சம் பயன்பட்டது. 1927-ல் யூனியன் கார்பைடு கம்பெனி 'பிரெஸ்டோன்' என்ற பெயரில் அதை டப்பாவில் அடைத்து விற்க ஆரம்பித்தது. (ஆமாம், 1984-ல் போபாலில் நாம் கேட்ட அதே பெயர்தான்.) தண்ணீரோடு சரிபாதி கலந்தால், பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரிக்கும் அப்பால் போனால்தான் உறையும். ஆகவே அதற்கு வைத்த பெயர், 'ஆன்ட்டிஃப்ரீஸ்'. உறையாமல் காப்பது!

புதுக்கோட்டையில் என்றைக்குத் தண்ணீர் உறைந்தது? அப்புறம் நமக்கு எதற்கு இது? நியாயமான கேள்வி. பதில் ஆகாயத்தில் இருக்கிறது.

சுத்தமான எத்திலீன் கிளைக்கால் கொதிப்பது கிட்டத்தட்ட 197 டிகிரியில். விமானக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். கொதிநிலை உயர்ந்தால் இன்ஜினைக் கூடுதல் சூட்டில் ஓட்டலாம். ரேடியேட்டர் சின்னதாக இருந்தால் போதும். விமானம் வேகமாகப் பறக்கும். ஸ்பிட்ஃபயரைப் பறக்கவைத்த ரோல்ஸ்ராய்ஸ் மெர்லின் இன்ஜின் ஆரம்பத்தில் முழு கிளைக்காலில்தான் ஓடியது. பிறகு, 30 பங்கு கிளைக்காலும் 70 பங்கு தண்ணீரும் கலந்து, அழுத்தம் கொடுத்து அடைத்தார்கள். சண்டையில் ரேடியேட்டரில் ஒரு குண்டு பட்டால், வெள்ளைப் புகை மாதிரி கிளைக்கால் சீறும். கொஞ்ச நேரத்தில் இறங்கியாக வேண்டும் அல்லது குதித்தாக வேண்டும் என்று விமானிக்குத் தெரிந்துவிடும்.

குளிருக்காக வந்த சரக்கு, சூட்டுக்கும் உதவியது இப்படித்தான். அடைத்துவைத்து அழுத்தம் கொடுக்கும் அந்த வித்தையைத்தான் இன்று உங்கள் காரின், அந்த மினி டிராக்டரின் ரேடியேட்டர் மூடி செய்கிறது. நம் வீட்டு பிரஷர் குக்கர் தத்துவமேதான்.

நம்மூருக்கு வருவோம். கவலை ஏற்றம் ஓய்ந்து ஆயில் இன்ஜின் வந்த காலத்தில், கிணற்றிலிருந்து ஏறும் தண்ணீரிலேயே கொஞ்சம் பிரிந்து இன்ஜினைச் சுற்றிவிட்டு, வெதுவெதுப்பாக வெளியே விழும். ஊற்றவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம். 1959-ல் ஃபரீதாபாத்தில் இந்தியாவின் முதல் உள்நாட்டு டிராக்டரைத் தயாரித்த ஐஷர், தண்ணீரே தேவைப்படாத, காற்றில் குளிரும் இன்ஜினுக்குப் பேர்போனது. அடுத்த வருஷம் சென்னையில் ஆரம்பித்த 'டாஃபே' கொண்டுவந்த மாஸி ஃபெர்குசனோ ரேடியேட்டர் வைத்த வண்டி. 2005-ல் ஐஷர் டிராக்டர் தொழிலையே டாஃபே வாங்கிவிட்டது. ரேடியேட்டர் நம் வயல்களில் நிலைத்துவிட்டது. ஆனால் கிணற்றடிப் பழக்கம் போகவில்லை. 'தண்ணிதானே!'

வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் ராஜா, கிளைக்கால் அதற்கு ஒரு படி கீழேதான். சிக்கல், எந்தத் தண்ணீர் என்பதில். புதுக்கோட்டை, செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஊருணித் தண்ணீர் என்பார்கள். மழைநீர், உப்பில்லாதது, பருப்பு மலர வேகும். உப்புத் தண்ணீரில் எத்தனை விசில் வைத்தாலும் பருப்பு வேகாது. பருப்பை வேகவிடாத அதே கால்சியம், மெக்னீசிய உப்புகள்தான் ரேடியேட்டருக்குள் சுண்ணாம்பாகப் படிகின்றன. வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகக் கட்டியிருக்குமே, அது! தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். குறைகிறதென்று வாரா வாரம் போர் தண்ணீரை ஊற்ற ஊற்ற, உப்பு ஏறிக்கொண்டே போகும். கூடவே துரு. குழாய் அடைத்து, இன்ஜின் கொதித்து, ஹெட் வளைந்து, கேஸ்கட் போய்... வாங்கிய விலையில் பாதியை மெக்கானிக்கிடம் எண்ணி வைக்க வேண்டியதுதான்.

இங்கேதான் கூலன்ட் வேலை செய்கிறது. பெயர் மாறிவிட்டதைக் கவனித்தீர்களா? கம்பெனிக்காரர்கள் 'ஆன்ட்டிஃப்ரீஸ்' என்ற பெயரை நம்மூரில் அடக்கி வாசிக்கிறார்கள். கிளைக்காலோடு, துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்துகள் அதில் கலந்திருக்கின்றன. வெயில் ஊரில் நாம் காசு கொடுப்பது முக்கியமாக இந்த மருந்துக்குத்தான். அது காலப்போக்கில் தீர்ந்துபோகும். கலர் அப்படியே பச்சையாக இருக்கலாம், மருந்து இருக்காது. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் வெறும் சாயம். நிறத்தை நம்பி ஒன்றோடு ஒன்றைக் கலக்கக் கூடாது. சில ஜோடிகள் சேர்ந்தால் கூழ் மாதிரி கட்டிவிடும்.

ஆகவே பழைய வண்டி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, உள்ளே இருப்பதை முழுக்க வெளியேற்றுவது. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஆவி அடங்காத குக்கரை யாராவது திறப்பார்களா? ரேடியேட்டரின் அடியில் உள்ள திருகை மட்டும் திறந்தால் பாதி இன்ஜினுக்குள்ளேயே நின்றுவிடும். பிளாக்கில் இருக்கும் பிளக்கையும் கழற்ற வேண்டும். வெளியே வருவதில் எண்ணெய் மிதந்தாலோ, இன்ஜின் ஆயில் பால் டீ கலரில் இருந்தாலோ, கேஸ்கட்டில் கோளாறு. விற்றவரிடம் பேச வேண்டிய விஷயம் அது. அப்புறம் நல்ல தண்ணீர் நிரப்பி, மேல் ஹோஸ் சுடுகிற வரை ஓட விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்தால்தான் அது சுடும். ஆறவைத்து, இறக்கி, தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். சுடும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பிளாக் விரிசல் விடும். 'சீக்கிரம் சுத்தமாகும்' என்று ஆசிட் ஊற்றினால் அலுமினியத்தையே தின்றுவிடும். சுண்ணாம்பு பிடித்த ரேடியேட்டருக்கென்று தனித் திரவம் கடையில் கிடைக்கிறது.

நடுவில் ஒரு குரல் வரும். "நம்ம ஊரு சூட்டுக்கு இந்த தெர்மோஸ்டாட் எதுக்குண்ணே? கழட்டிப் போட்டுடுவோம்!" சம்மதிக்காதீர்கள். இன்ஜினுக்குச் சூடும் வேண்டும். அளவுக்குமீறிக் குளிர்ந்தால் டீசல் சரியாக எரியாது, ஆயிலில் கலக்கும், தேய்மானம் கூடும்.

கடைசியாக, கம்பெனி புத்தகத்தில் சொன்ன ரக கூலன்ட், சரிபாதி டிஸ்டில்டு வாட்டர். மினி டிராக்டருக்கு மொத்தமே பெரும்பாலும் ஐந்தாறு லிட்டருக்குள்தான். மூடியைத் திறந்துவைத்துக் கொஞ்சம் ஓடவிட்டால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். குறைவதை நிரப்பி மூடலாம்.

இறக்கிய பழசை என்ன செய்வது? வரப்போரம் கொட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். இதுதான் எனக்குப் பயம் தருகிற இடம். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய் நக்கும், ஆடு வாய் வைக்கும், குழந்தையும் விரலை விட்டுச் சப்பும். உடம்புக்குள் போனால் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் படிகங்களாகப் படிந்து உயிரையே எடுத்துவிடும். இதன் பங்காளியான டைஎத்திலீன் கிளைக்கால் 1937-ல் அமெரிக்காவில் ஒரு மருந்தில் கலந்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள்; அதன் பிறகுதான் 1938-ல் அங்கே கடுமையான மருந்துச் சட்டமே வந்தது. 1986-ல் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 14 பேர். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இருபதுக்கும் மேல். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்.

அதனால், இறக்கும்போதே அகலமான சட்டியில் பிடித்து, இறுக மூடுகிற கேனில் ஊற்றி, மேலே 'விஷம்' என்று எழுதி ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள். தயவுசெய்து தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றிவைக்காதீர்கள். தரையில் சிந்தியிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஆட்டை அவிழ்த்துவிடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.