மலையிலிருந்து குளத்துக்கு: கொங்கு நாட்டில் பறவை நோக்கல்

கோவையை அடுத்த தொண்டாமுத்தூர்ப் பக்கம் பறவையைக் கவனிக்காமல் வெள்ளாமை செய்ய முடியாது. சோளம் பால் பிடித்தால் கிளி வரும். தக்காளி பழுத்தால் மயில் வரும். டிராக்டர் உழவு ஓட்டினால் பின்னாலேயே உண்ணிக்கொக்குக் கூட்டம் வரும். சங்கப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் பெண்களிடம் தழல், தட்டை, கவண் எனக் கிளி விரட்டத் தனிக் கருவிகளே உண்டு. விரட்டுவதற்காக, பிடித்துத் தின்பதற்காக, சகுனத்துக்காக என்று பறவையைப் பார்க்கப் பல காரணங்கள் இருந்தன. பார்ப்பதற்காகவே பார்ப்பதும், பார்த்ததைத் தேதி போட்டு எழுதி வைப்பதும் பிந்திய வழக்கம். அது கொங்கு வட்டாரத்துக்கு வந்த வழியைத் தேடினால் ஒரு திசை தெளிவாகத் தெரிகிறது: மலையில் தொடங்கி, சமவெளிக் குளங்களுக்கு இறங்கியிருக்கிறது. இறங்கிய பிறகுதான் பொழுதுபோக்காகப் பரவியது.

தொடக்கம் துப்பாக்கியோடுதான். மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டான், தீபகற்ப இந்தியப் பறவைகளின் பட்டியலை 1839இல் வெளியிடத் தொடங்கினார். அவருடைய ‘இந்தியப் பறவைகள்’ 1862க்கும் 1864க்கும் இடையில் வந்தது. நீலகிரியில் அவர் கண்டவை அந்த நூலுக்குப் பெரும் பலம். பல பறவைகளுக்கு இந்தி, தெலுங்குப் பெயர்களோடு தமிழ்ப் பெயரையும் அவர் குறித்திருக்கிறார். வலை வைத்தவர்களும் வேட்டைக்குக் கூட வந்தவர்களும் சொல்லாமல் அந்தப் பெயர்கள் அவருக்குக் கிடைத்திருக்க முடியாது. அவர்களை நாம் இன்று பெயர் சொல்லி நினைக்க வழியில்லை.

பின்னாளில் காங்கிரஸ் கட்சி தோன்றக் காரணமானவர்களில் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம், 1870களில் ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ என்ற பறவையியல் இதழைத் தொடங்கினார். அவருக்காகப் பறவைகளைச் சேகரித்த வில்லியம் டேவிசன் நீலகிரியில் நெடுங்காலம் சுற்றியவர். 1887இல் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் காப்பாளரானார். அன்று சேகரிப்பது என்றால் சுட்டு, தோலை உரித்து, பஞ்சு அடைப்பது. நல்ல தொலைநோக்கி இல்லாத காலத்தில் இனத்தை உறுதி செய்ய வேறு வழி அரிது என்பது உண்மை. துரைமார்களுக்கு வேட்டை ஒரு கேளிக்கை என்பதும் அதே அளவு உண்மை. கோவையில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருக்கும் உயிரினங்கள் அந்த யுகத்தின் மிச்சம்.

அவர்களையெல்லாம் இழுத்தது குளிர்ந்த மலை. சோலைக்காட்டில் மட்டுமே கிடைக்கும் சிரிப்பானும் ஈப்பிடிப்பானும் புறாவும் அங்கேதான் இருந்தன. அடிவாரச் சமவெளி அவர்களுக்கு மலையேறும் பாதை. மானாவாரிக் காட்டில் நின்று ஆட்காட்டியை எண்ணும் ஆவல் பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை. 1929, 1930இல் நடந்த வெர்னே ஆய்வு, சேர்வராயன் உள்ளிட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைகளை அலசியது. அதுவும் மலைகளை மையமாக வைத்த சேகரிப்புப் பயணமே.

பறவையியலாளர் சாலிம் அலியும் முதலில் மலைக்குத்தான் வந்தார். அனந்தன் என்ற ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவரின் அழைப்பின் பேரில் மனைவி தெஹ்மினாவோடு கோத்தகிரியில் சில காலம் தங்கினார். 1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானப் பறவைகளை ஆராய்ந்தார். அவரும் சுட்டுச் சேகரித்தவரே. ஆனால் 1941இல் அவர் எழுதிய ‘இந்தியப் பறவைகள் நூல்’ வேறொரு வாசகரை உருவாக்கியது. வண்ணப் படத்தையும் எளிய விவரிப்பையும் வைத்துக்கொண்டு, எதையும் கொல்லாமல், வீட்டுத் தோட்டத்தில் வந்து உட்காரும் குருவியின் பெயரைக் கண்டுபிடிக்க முடியும் என்று அது காட்டியது. 1972இன் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் துப்பாக்கிக்கு வேலையும் குறைந்தது.

ஆனாலும் நெடுநாள் இது ஆங்கிலம் தெரிந்தவர்களின் வட்டமாகவே இருந்தது. 1950இலிருந்து 1996இல் இறக்கும்வரை மா. கிருஷ்ணன் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதினார்; தமிழில் அவர் எழுதியவை அதற்குச் சளைத்தவை அல்ல, ஆனால் வாசகர் கைக்கு நூலாக வரக் காலம் பிடித்தது. தாராபுரத்தில் பிறந்த சு. தியடோர் பாஸ்கரன் பறவைகளையும் காட்டுயிர்களையும் பற்றித் தமிழிலேயே கட்டுரைகள் எழுதி ஒரு தலைமுறையை இழுத்து வந்தார். ச. முகமது அலியின் ‘காட்டுயிர்’ இதழ் கொங்கு மண்ணிலிருந்து வெளிவந்தது. க. ரத்னம் பறவைகளின் தமிழ்ப் பெயர்களைத் தேடித் தொகுத்தார். வால்பாறைப் பகுதியில் பணியாற்றிய ப. ஜெகநாதன், கவிஞர் ஆசையோடு சேர்ந்து எழுதிய ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ க்ரியா வெளியீடாக 2013இல் வந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குளக்கரைக்குப் போகத் தமிழில் ஒரு கையேடு கிடைக்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. கேரளத்தில் இந்துசூடன் 1958இலேயே அந்த மாநிலப் பறவைகளைப் பற்றி மலையாளத்தில் முழு நூல் எழுதிவிட்டார் என்பதை நினைத்தால், பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் நாம் எவ்வளவு தாமதம் என்பது உறைக்கும்.

கோவைக்கு நிறுவன பலம் 1990இல் வந்தது. சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம், சாகான், மத்திய அரசின் ஆதரவில் இங்கே தொடங்கியது. ஆனைகட்டிக்குப் போகும் முன் அது சிறுவாணி ரோட்டில், பேரூரைத் தாண்டிய காளம்பாளையத்தில் இயங்கியது. அதாவது நாட்டின் பறவை ஆராய்ச்சிக் கூடம் ஒன்று தொண்டாமுத்தூருக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. பூச்சிமருந்து நச்சு பறவை உடலில் எப்படிச் சேர்கிறது என்பதை அங்குள்ள விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். தோட்டக்காட்டுப் பறவையும் ஆய்வுப் பொருளானது. 2023இல் சாகான், டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. ஆனால் ஆராய்ச்சிக் கூடம் பக்கத்தில் இருந்ததால் மட்டும் ஊர்மக்கள் பறவை பார்க்கக் கிளம்பிவிடவில்லை. அவர்களைக் கிளப்பியவை குளங்கள்.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், சித்திரைச்சாவடி அணைக்கட்டு தொடங்கிக் கோவையின் குளச் சங்கிலியை நிரப்புகிறது. கிருஷ்ணம்பதி, முத்தண்ணன் குளம், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர் என்று அது நீள்கிறது. பஸ் ஏறி இறங்கினால் போதும். காட்டுக்குள் நுழைய அனுமதிக் கடிதம் வேண்டாம், யானை பயம் வேண்டாம். ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கரையில் கூடி, ஒன்பதரைக்குள் பார்த்து முடித்து, பேக்கரியில் டீ குடித்தபடி பட்டியலை ஒப்பிடும் வழக்கம் 2010க்குப் பிறகு இங்கே ஊன்றியது. கோயம்புத்தூர் இயற்கைக் கழகம் போன்ற அமைப்புகள் அதை ஒழுங்காக நடத்தின. வங்கி ஊழியர், பள்ளிப் பிள்ளைகள், மில் அதிகாரி, ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று கலவையான கூட்டம் அது.

இதில் அப்படி என்ன சுகம்? பாதி சுகம் எதிர்பார்ப்பில் இருக்கிறது. செப்டம்பர் பிறந்தால் வாலாட்டி எந்தத் தேதியில் வந்திறங்கும் என்று காத்திருக்கலாம். புதருக்குள்ளிருந்து ‘சக், சக்’ என்று சத்தம் மட்டும் கேட்கும். பிளித் நாணல் கதிர்க்குருவி வெளியே வந்து முகம் காட்டாது, காது பழகியவருக்கு முகம் தேவையும் இல்லை. மத்திய ஆசியாவிலிருந்து வரும் சூறைக்குருவிகள் சாயங்காலம் ஆயிரக்கணக்கில் ஒன்றாகத் திரும்பும்போது வானமே திசை மாறுவது போலிருக்கும். எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் வில்லை கொண்ட தொலைநோக்கி ஒன்று கழுத்தில் தொங்கினால் இத்தனையும் கிடைக்கும். டிஜிட்டல் கேமரா வந்த பின் கூட்டம் இன்னும் பெருத்தது. படமெடுக்கும் வேகத்தில் கூட்டுக்கு மிக அருகில் போகிறவர்களும் வந்து சேர்ந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

பொழுதுபோக்கைத் தரவாக மாற்றியது ‘ஈ-பேர்ட்’. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் கூடமும் ஆடுபான் சங்கமும் 2002இல் தொடங்கிய இந்த இணையக் களஞ்சியத்தில், ஓரிடத்தில் பார்த்த எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு பதியலாம். 2015இல் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தொடங்கியது. லீவுக்குச் சொந்த ஊர் போகிறவர்கள் அங்கேயே எண்ணலாம் என்பது அதன் சாமர்த்தியம். 2023இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட பறவை நோக்குவோர் பதிந்த மூன்று கோடிக் குறிப்புகளிலிருந்து 942 இனங்களை மதிப்பிட்டது. ஜெர்டானுக்குத் தமிழ்ப் பெயர் சொன்னவர்களைப் போலன்றி, இவர்கள் தங்கள் பெயரிலேயே பதிகிறார்கள்.

அந்த அறிக்கை வேகமாகப் பெருகியதாகச் சொல்லும் பறவைகளில் மயிலும் ஒன்று. தொண்டாமுத்தூர் விவசாயிக்கு இது புதுச் செய்தி அல்ல. விதைத்ததைக் கிளறியும் காய்த்ததைக் கொத்தியும் அது செய்யும் சேதத்தை அவர் வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறார். பறவை நோக்குவோர் அவர் பேச்சை ஒரு கவனிப்பாக ஏற்றுப் பதிந்திருந்தால், எந்த ஊரில் எப்போது மயில் புதிதாக வந்தது என்ற வரலாறு இன்று கையில் இருந்திருக்கும்.

குளங்களின் கதையில் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. சிங்காநல்லூர்க் குளத்தை 2017இல் மாநகராட்சி நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. ஈரோட்டின் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பட்டைத்தலை வாத்துகள் வந்து தங்கும் திருப்பூர் நஞ்சராயன் குளம், சுமார் 126 ஹெக்டேர், 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் ராம்சார் தகுதியும் பெற்றது. உள்ளூர் இயற்கை ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்த பட்டியல்கள் இல்லாவிட்டால் அந்தக் குளம் அதிகாரிகள் கண்ணில் பட்டிருக்காது. மறுபக்கம், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் உக்கடத்திலும் வாலாங்குளத்திலும் கரைகள் நடைபாதையாகவும் விளக்குவரிசையாகவும் மாறின. நடைப்பயிற்சிக்கு வசதிதான். சேற்றில் இரை தேடும் உள்ளானுக்குக் கான்கிரீட் கரை எதற்கும் உதவாது.

குளங்கள் இப்படி ஓரளவு எண்ணப்பட்டுவிட்டன, மலையும் எண்ணப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் பாக்குத் தோப்பு, வாழைத் தோட்டம், சின்ன வெங்காய வயல் ஆகியவற்றின் பட்டியல்கள்தான் போதவில்லை. அடுத்த பொங்கலுக்கு நரசிபுரத்திலும் ஆலாந்துறையிலும் தொண்டாமுத்தூரிலும் தோட்டம் வைத்திருப்பவர்கள் காலையில் தண்ணீர் பாய்ச்சும்போது 15 நிமிடம் ஒதுக்கி, கண்ணில் பட்டதை எல்லாம் எழுதி அனுப்பலாம். காக்கை ஐந்து, தவிட்டுக்குருவி ஏழு, மயில் பன்னிரண்டு என்று எழுதத் தயங்க வேண்டாம். கணக்கெடுப்புக்குத் தேவைப்படுவது அதுவே.