பட்டாஸ்கர் வகுத்த அளவுகோலும் பெல்காம் எல்லையும்

1956-ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்புச் சட்டம், பம்பாய் மாநிலத்தைச் சேர்ந்த பெல்காமை அன்றைய மைசூர் மாநிலத்துடன் (இன்றைய கர்நாடகத்துடன்) இணைத்ததிலிருந்து, அந்நகரில் பெருமளவில் வாழ்ந்த மராத்தியரின், மகாராஷ்டிரத்துடன் இணையவேண்டும் என்ற கோரிக்கை புணே முதலிய மராத்தி நகரங்களின் அரசியலில் ஓயாது ஒலித்துவருகிறது. மகாராஷ்டிரம் தன் வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டுவது, சென்னை–ஆந்திர எல்லைத் தகராறில் நடுவராக இருந்து தமிழர்க்குத் திருத்தணியை மீட்டுத் தந்த பட்டாஸ்கரின் நெறியாகும். அதாவது, மாவட்டத்தையோ வட்டத்தையோ அன்றிக் கிராமத்தையே அலகாகக் கொண்டு, மொழிப் பெரும்பான்மையையும் நிலத் தொடர்ச்சியையும் பார்த்து எல்லை வகுத்தல். பின்னாளில் புணே பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த அவருடைய நெறி, சென்னை–ஆந்திர எல்லையில் 1960-இல் நடைமுறைக்கு வந்தும் பெல்காமில் ஏற்கப்படவில்லை என்பது முரண்தான்.

விடுதலைப் போராட்ட வீரர் சேனாபதி பாபட் இக்கோரிக்கைக்காக இருந்த உண்ணாவிரதத்தையடுத்து 1966-இல் அமைக்கப்பட்ட மகாஜன் ஆணையம், 264 கிராமங்களை மகாராஷ்டிரத்துக்கும் 247 கிராமங்களைக் கர்நாடகத்துக்கும் பரிந்துரைத்து, பெல்காம் நகரத்தை மட்டும் கர்நாடகத்திலேயே விட்டது. கர்நாடகம் இதனை வரவேற்க, நகரமே உயிர்நாடி எனக் கருதிய மகாராஷ்டிரம் நிராகரித்தது. மாநிலங்களுக்கிடையிலான வழக்குகளை நேரடியாக விசாரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் வழங்கும் அரசமைப்பின் 131-ஆம் பிரிவின்கீழ் மகாராஷ்டிரம் 2004-இல் வழக்குத் தொடுத்தபின்னும் பதற்றம் தணியவில்லை. 2022 டிசம்பரில் புணேயில் கர்நாடகப் பேருந்துகள்மீது கறுப்பு மை பூசப்பட்டது.