ஒற்றையடிப் பாதையில் எழுந்த வழக்கு

1934-ஆம் ஆண்டு ஜூலை மாதம், இருள் சூழ்ந்த ஓர் இரவு. அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாநிலத்திலுள்ள ஹ்யூஸ்டவுன் என்ற சிற்றூரில், ஹாரி டாம்ப்கின்ஸ் என்பவர் இருப்புப் பாதையை ஒட்டிச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் நடந்துகொண்டிருந்தார். ஈரி ரெயில்வே கம்பெனியின் சரக்கு வண்டி அவரைக் கடந்தது. திறந்த கதவு போல் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அவரை அடித்து வீழ்த்திற்று. வலக்கை போயிற்று.

நஷ்டஈடு கேட்க எந்த நீதிமன்றத்தை நாடுவது? நம் நாட்டில் இக்கேள்விக்கு அவ்வளவாக இடமில்லை. தில்லியில் வாழும் தமிழரானாலும் மும்பையில் வாழும் தமிழரானாலும், ஜில்லா கோர்ட்டு முதல் சுப்ரீம் கோர்ட்டு வரை ஏறுவது ஒரே ஏணிதான். அமெரிக்காவிலோ ஏணிகள் இரண்டு: மாநில நீதிமன்றங்கள் ஒரு புறம், சமஷ்டி நீதிமன்றங்கள் மறு புறம். வழக்காடுவோர் வெவ்வேறு மாநிலத்தாராயின் சமஷ்டி நீதிமன்றத்தை நாடலாம்.

பென்ஸில்வேனியா நீதிபதிகள் வகுத்த விதிப்படி, இத்தகைய பாதையில் நடப்பவர் அத்துமீறி நுழைந்தவரே. கம்பெனி வேண்டுமென்றோ துணிந்தோ தீங்கு செய்திருந்தாலன்றி ஈடு கிடையாது. கம்பெனியோ நியூயார்க்கில் பதிவானது. ஆகவே வழக்கு நியூயார்க் சமஷ்டி நீதிமன்றத்துக்குச் சென்றது. ஜூரிகள் 30,000 டாலர் வழங்கினர்.

இதற்கு இடந்தந்தது 1842-இல் நீதிபதி ஸ்டோரி எழுதிய தீர்ப்பு. சமஷ்டி நீதிமன்றங்கள் மாநிலச் 'சட்டங்களை'ப் பின்பற்ற வேண்டும் என்று 1789-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. சட்டம் என்பது சட்டசபை இயற்றியதே. பொதுவான விஷயங்களில் மாநில நீதிபதிகளின் தீர்ப்புகள் அதில் அடங்கா என்றார் ஸ்டோரி. நாடெங்கும் ஒரே வாணிப நியாயம் விளையும் என்பது அவர் எண்ணம். விளைந்ததோ வேறு. கெண்டக்கியில் ஒரு டாக்ஸி கம்பெனி, ரெயில் நிலையத்தில் தனியுரிமை பெறும் ஒப்பந்தத்தை அம்மாநில நீதிமன்றங்கள் ஏற்கமாட்டா என்றறிந்து, தன்னைக் கலைத்துவிட்டு டென்னஸியில் மறுபடியும் பதிவு செய்துகொண்டது! சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்காடி 1928-இல் சுப்ரீம் கோர்ட்டிலும் வென்றது. நீதிபதி ஹோம்ஸ் கடுமையாக மறுத்தெழுதியும் பயனில்லை.

பத்தாண்டுக்குப் பின், 1938 ஏப்ரல் 25-இல், நீதிபதி பிராண்டைஸ் அந்த 96 ஆண்டு வழக்கத்தைத் தகர்த்தார். சட்டசபை பேசினாலும் மாநில உயர்ந்த நீதிமன்றம் பேசினாலும் அது அம்மாநிலத்தின் சட்டமே. அரசியல் சாசனமோ சமஷ்டிச் சட்டமோ ஆளாத விஷயங்களில் சமஷ்டி நீதிபதிகள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் என்றார். விந்தை என்னவெனில், பழைய தீர்ப்பை நீக்கும்படி கம்பெனியின் வக்கீல்களே கோரவில்லை. கேளாததை ஏன் தீர்க்கிறீர்கள் என்று நீதிபதி பட்லர் மறுத்தெழுதினார். கொள்கை சரியென்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் பட்லரின் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. முந்தைய நியதியை நம்பி வழக்குத் தொடுத்தவர் கையிழந்த ஒருவரல்லவா?

வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் திரும்பிற்று. பென்ஸில்வேனியா விதிப்படி அது கம்பெனிக்கே சாதகமாக முடிந்தது. 30,000 டாலரில் ஒரு காசும் டாம்ப்கின்ஸுக்குக் கிட்டவில்லை.