துறையைக் காலி செய்த பெட்டி

லண்டன் மாநகரின் கீழ்த்திசையில், லீ நதி தேம்ஸ் நதியோடு சங்கமமாகும் முனையில், டிரினிட்டி பாய் வார்ஃப் என்றொரு பழைய துறை இருக்கிறது. இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களைப் பரிபாலித்து வரும் டிரினிட்டி ஹவுஸ் என்னும் புராதன ஸ்தாபனம், கப்பல்களுக்கு வழிகாட்டும் மிதவைகளைச் செய்யவும் செப்பனிடவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அவ்விடத்தையே உபயோகித்து வந்தது. அதன் விஞ்ஞான ஆலோசகராக விளங்கிய மைக்கேல் பாரடேக்கு அங்கே ஒரு பரிசோதனைச் சாலையும் இருந்தது. கூப்பிடு தூரத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் வியாபாரத்துக்கென்றே 1806-ல் திறந்த கப்பல்துறை. நம் சென்னைப்பட்டினத்திலிருந்து மாதக்கணக்கில் பிரயாணம் செய்து போன சரக்குகளுக்கும் அதுதான் கரை.

அந்நாளில் ஒரு கப்பலைக் காலி செய்வது லேசான காரியமன்று. தேயிலைப் பெட்டி, சர்க்கரை மூட்டை, மதுப் பீப்பாய் என்று ஒவ்வொன்றையும், மரப்பிடி போட்ட இரும்புக் கொக்கியால் மாட்டி இழுத்து, தோளிலோ தள்ளுவண்டியிலோ ஏற்றிக் கிடங்குக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். அதைச் செய்த கூலியாட்கள், விடியும்போதே துறை வாசலில் கூடி நின்று, இன்றைக்குத் தங்களைக் கூப்பிடுவானா மாட்டானா என்று மேஸ்திரியின் முகத்தைப் பார்த்திருந்தவர்கள். மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு 1889-ல் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் பிரிட்டிஷ் தொழிலாளர் சரித்திரத்தில் பிரசித்தமானது.

அந்தப் பிழைப்பு முழுவதையும் ஒரு பெட்டி விழுங்கிவிட்டது. அமெரிக்காவில் லாரித் தொழில் நடத்தி வந்த மால்கம் மக்லீன், சரக்கை இறக்கி ஏற்றுவானேன், சரக்கிருக்கும் பெட்டியையே தூக்கி வைத்தால் போயிற்று என்று துணிந்து, 1956 ஏப்ரல் 26-ந் தேதி 58 பெட்டிகளை ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். டன்னுக்கு ஏறக்குறைய ஆறு டாலராக இருந்த ஏற்றுகூலி 16 சென்ட்டுக்கு இறங்கியது. பெட்டிகளைச் சுமக்கும் பெருங்கப்பல்கள் லண்டனின் குறுகிய துறைகளுக்குள் நுழையமாட்டாமல் ஆற்று முகத்துக்கு அருகிலுள்ள டில்பரியில் நின்றுவிடவே, 1967-ல் கிழக்கிந்தியத் துறையும், 1981-ல் ராயல் துறைகளும் மூடப்பட்டன. மிதவைச் சாலையும் 1988-ல் கதவடைத்தது.

விசித்திரம் என்னவென்றால், துறைகளைக் காலி செய்த அதே பெட்டிதான் 2001-ல் அங்கே குடிபுக வந்தது. கடலோடி ஓய்ந்த கன்டெய்னர்களை மூன்று அடுக்காக அடுக்கிக் ‘கன்டெய்னர் சிட்டி’ என்ற பெயரில் கலைஞர்களுக்கும் சிறு தொழில் செய்வோருக்கும் அறைகளாக்கினார்கள். பெட்டியின் பெரிய கதவுகள் வெளிப்புறம் திறந்து பால்கனியாயின. பக்கச் சுவர்களில் கப்பல் ஜன்னலைப் போல வட்டமாக வெட்டிக் கண்ணாடி பதித்தார்கள். ஒழுங்கான கட்டிடம் கேட்கும் செங்கல்லையும் காலத்தையும் எண்ணிப் பார்த்தால் சிக்கனந்தான்.

ஆனால் பெட்டி வீடு கேட்டவுடன் தோன்றுகிற அளவுக்குச் சுலபமானதன்று. பாரமெல்லாம் நான்கு மூலைத் தூண்களில் இறங்குவதால்தான் பெட்டிமேல் பெட்டி நிற்கிறது. விசாலம் வேண்டுமென்று மடிப்புத் தகட்டுச் சுவரைத் தாராளமாக வெட்டினால் இரும்பு உத்தரம் கொடுத்தாக வேண்டும். அகலமோ எட்டே அடி. குளிர் காப்புக்கும் உஷ்ணக் காப்புக்கும் உள்ளே பலகை அடித்தால் அதுவும் சுருங்கும். அடித்தளத்து ஒட்டுப்பலகையில், பூச்சிகள் தேசம் விட்டுத் தேசம் போகாதிருக்கத் தோய்த்த மருந்து ஒன்று உண்டு; கடலில் அது குணம், படுக்கையறையில் தோஷம்.

கன்டெய்னரை வீடாக்கும் முறைக்கு பிலிப் கிளார்க் என்ற அமெரிக்கர் 1987-ல் விண்ணப்பித்து 1989-ல் காப்புரிமை பெற்றார். அதன்பின் இந்த வழக்கம் பரவிய விதத்தில் எனக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் 2005-ல் தொடங்கி மாணவர்களுக்கென எழுப்பிய கீட்வோனனில் சுமார் ஆயிரம் பெட்டி அறைகள் இருந்தன. அவை தேய்ந்துபோன பழம்பெட்டிகள் அல்ல, வசிப்பதற்கென்றே சீனாவில் செய்து தருவித்தவை. விரைவும் மலிவும் அதில் உண்டென்பதை ஒப்புக்கொள்ளலாம். பழையதைப் பயன்படுத்தினோம் என்ற புண்ணியத்தை மட்டும் அதற்கு எழுத முடியாது. ஆகையால் இத்தகைய வீடு கட்ட உத்தேசிப்பவர்கள், பெட்டி எத்தனை வருஷம் கடலில் போய் வந்தது, அதில் என்ன சரக்கு ஏற்றினார்கள், தரைப்பலகைக்கு என்ன மருந்து போட்டார்கள் என்று விற்பவரை விசாரித்துக்கொண்டு, அதன் பிறகே விலை பேச வேண்டும்.