கொடுமுடி கோகிலம் கே.பி. சுந்தராம்பாள்: நாடக மேடை முதல் சட்ட மேலவை வரை

தைப்பூச நாளில் சிலிபின், புந்தோங் வட்டாரங்களில் ஒலிக்கும் பழைய முருகன் பாடல்களுக்கிடையே கணீரென்ற ஒரு பெண் குரல் தனித்துக் கேட்கும். அது கே.பி. சுந்தராம்பாளின் குரல். திரையில் அவ்வையாராக வந்தவர் என்றே நம்மில் பலர் அவரை அறிவோம். ஆனால், அதற்கு வெகுகாலம் முன்பே அவர் தமிழ் இசை நாடக மேடையில் புகழ்பெற்று விளங்கினார்.

வறுமையில் பிறந்த குரல்

1908ஆம் ஆண்டு, காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். 'கே.பி.' என்பது ஊர்ப் பெயரும் தாயார் பாலாம்பாளின் பெயரும் சேர்ந்தது. சிறு வயதில் பிழைப்புக்காக ரயிலில் பாடியவர், பின்னர் வேலு நாயர் நாடகக் கம்பெனியில் பிள்ளை வேடங்களில் நடித்தார்.

அக்காலத்தில் ஒலிபெருக்கி கிடையாது. ஆர்மோனியமும் மிருதங்கமும் துணையிருக்க, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி உச்ச சுருதியில் பாட வேண்டும். 'ஸ்பெஷல் நாடகம்' என்றால் வெவ்வேறு ஊர்களிலிருந்து நடிகர்கள் வந்து, ஒத்திகையின்றியே மேடை ஏறுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் போன்ற நாடகங்கள் அனைவருக்கும் மனப்பாடம் என்பதால் அது முடிந்தது. நம் தோட்டத் திருவிழாக்களில் பாட்டன், பாட்டிமார் விடிய விடியப் பார்த்த நாடகங்களும் இந்த மரபில் வந்தவையே.

கிட்டப்பாவுடன்

1920களில் கொழும்பு மேடையில் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடித்தார். இந்த ஜோடிக்குக் கூட்டம் அலைமோதியது. 1927இல் இருவரும் மணந்தனர். கிட்டப்பா முன்பே மணமானவர். இந்த மணவாழ்க்கையில் பிரிவும் துயரமும் மிகுதி. 1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயதில் காலமானார்.

அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைச் சேலை உடுத்தினார். இனி எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். ஒரு நடிகையின் பிழைப்பையே முடக்கியிருக்கக்கூடிய முடிவு அது.

ஒரு லட்சம் ரூபாய்

'நந்தனார்' (1935) படத்துக்கு அழைப்பு வந்தபோது, அவர் ஒரு லட்சம் ரூபாய் கேட்டார். அந்நாளில் யாரும் நினைத்துப் பார்க்காத தொகை. தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டார். ஆண் வேடத்தில், நந்தனாராகவே நடித்தார். அடுத்து மணிமேகலை (1940), அவ்வையார் (1953), பூம்புகாரில் (1964) கவுந்தியடிகள், திருவிளையாடலில் (1965) மீண்டும் அவ்வையார் என, பக்தியும் துறவும் சார்ந்த வேடங்களையே ஏற்றார்.

காங்கிரஸ் மேடைகளில் தேசியப் பாடல்கள் பாடி விடுதலைப் போராட்டத்துக்கும் துணை நின்றார். 1951இல் சென்னை மாநிலச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். நமது டேவான் நெகாராவைப் போல நியமன உறுப்பினர்களும் அமரும் அவை அது. 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 'துணைவன்' படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதும் கிடைத்தது. 1980இல் மறைந்தார்.

அவர் பாடிய காட்சிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது இதையும் சொல்லுங்கள்: ரயிலில் பாடிய ஏழைச் சிறுமி, வளர்ந்தபின் தன் ஊதியத்தையும் தன் வேடத்தையும் தானே முடிவு செய்தார்.